நிறுத்தாமல் பார்த்தால் பறக்கும்

என் வயசுப் பெண்களுக்கு இதை எழுதுகிறேன். சாயங்காலம் கோயில் பிராகாரத்தில் நாம் உட்காரும்போது நீங்கள் எல்லாரும் டி.வி. சீரியல் கதை பேசுவீர்கள். எந்த மாமியார் எந்த மருமகளின் பாலில் என்ன கலந்தாள் என்று சண்டையே நடக்கும். நான் தூணோரம் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருப்பேன். உண்மையில் அதில் ஒன்றைக்கூட நான் பார்ப்பதில்லை. நான் பார்ப்பது வேறு. நேரில் சொல்ல வெட்கம். எழுதினால் சொல்லும்போது என் முகத்தை நீங்கள் பார்க்க முடியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. தப்பு இருந்தால் சிரித்துவிட்டுப் படியுங்கள்.

நான் பார்ப்பது ஜப்பான்காரர்கள் வரைகிற பொம்மைப் படம். அனிமே என்று பெயர். யாரும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று தெருமுனையில் போலீஸ் நின்றிருந்த காலத்தில் ஆரம்பித்தது. என் மருமகள் கண்ணமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் வீட்டில் இருந்தாள். செல்போனை மிளகாய்த்தூள் டப்பாமேல் சாய்த்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே காய் நறுக்குவாள். நான் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பேன். அவள் திரும்பினால் நான் அரிசி களைவதுபோல் திரும்பிக்கொள்வேன். ஒரு நாள் பிடித்துவிட்டாள்.

"அத்தை, பாக்கணும்னா வந்து உக்காந்து பாருங்க. எதுக்கு நின்னுகினு கால் வலிக்க பாக்கறீங்க?"

"நான் எங்க பாத்தேன்? நீ வெங்காயத்த தோலோட அரியறியே, அதத்தான் பாத்தேன்."

அவள் சிரித்துவிட்டு டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். அன்றிலிருந்து பார்க்கிறேன்.

எதிர்வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் இது தெரியும். சர்க்கரை வாங்க வந்தவள் பார்த்துவிட்டாள். "இன்னாக்கா இது, எல்லாம் முட்டக்கண்ணா முழிச்சிகினு, தலமயிரு நீலக்கலர்ல? பேரப்பசங்க பாக்கறத நீ பாக்கறியே, பேஜாரா இல்லியா உனுக்கு?" என்றாள். கண் பெரிதாக இருந்தால்தான் அதில் தண்ணீர் தளும்புவது தெரியும் என்று நான் சொல்ல நினைத்தேன். சொல்ல வாய் வரவில்லை. சர்க்கரை கொடுத்து அனுப்பினேன்.

பெயரெல்லாம் என் வாயில் நிற்காது. அதனால் கதையை வைத்தே சொல்கிறேன். நமக்கு ஏற்றது எது, ஏற்காதது எது என்று.

மலை ஊர் ரயில் நிலையத்தில் அக்காவும் தங்கையும் சாப்பாட்டுக் கடை நடத்துகிற கதை ஒன்று இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். பி.பி. மாத்திரை போடுகிறவர்கள் தைரியமாகப் பார்க்கலாம். ஒன்றுமே நடக்காது. ரயில் வரும், ஒருத்தர் இறங்குவார், சாப்பிடுவார், போவார். ஆனால் அவர்கள் வரைந்த சோற்றில் ஆவி பறக்கிறதைப் பார்த்தால் நமக்கே பசி எடுக்கும். நம் சினிமாவில் நிஜச் சோற்றை வைத்து எடுக்கிறார்கள், யாருக்காவது பசித்திருக்கிறதா?

திருடுபோன தன் நிழலைத் தேடிக்கொண்டு கத்தியோடு அலைகிறவன் கதை நமக்கு வேண்டாம். முடியவே முடியாது. ஒருத்தனை வெட்டுவதற்கு முன்னால் இரண்டு பேரும் தங்கள் சின்ன வயசுக் கதையைச் சொல்லி முடிப்பார்கள். அதற்குள் நான் சாம்பாரே வைத்துவிடுவேன். ஆனால் எதிர்வீட்டுக்காரம்மாவுக்கு அதுதான் பிடித்தது. ஆமாம், முட்டைக்கண் என்று கேலி செய்தவள்தான். இப்போது சர்க்கரைக் கிண்ணம் கையில் இல்லாமலே வருகிறாள். "அவன் நெழலு கெடச்சுதாக்கா?" என்று கேட்கிறாள்.

பள்ளிக்கூடப் பெண்கள் கயிறு இழுக்கும் போட்டிக்குப் போகிற கதை நல்லது. மூட்டுவலிக்காரர்கள் கவனம், பார்க்கும்போது நம்மையும் அறியாமல் காலை உதைத்துக்கொள்வோம்.

செத்துப்போனவர்களைக் கடைசியாக ஒரு தரம் அவரவர் வீட்டுப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டுகிற படகுக்காரர் கதை இருக்கிறது. அதைப் பகலில் பாருங்கள், தனியாகப் பாருங்கள். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இவை எல்லாவற்றையும் தமிழில் பேச வைத்திருக்கிறார்கள். தமிழில் வராத ஒன்றுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிது. ஒரு தீவில் உப்புக் காய்ச்சுகிற குடும்பத்தின் கதை. அவர்கள் பேசுவது எனக்கு ஒரு வார்த்தை புரியாது. கீழே ஓடுகிற எழுத்து இங்கிலீஷ். அதுவும் தெரியாது. மருமகள் நிறுத்தி நிறுத்தி அர்த்தம் சொல்லப் பார்த்தாள். "நிறுத்தாதம்மா, அது பாட்டுக்கு ஓடட்டும்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அதில் ஒரு கொக்கு வருகிறது. உப்புப் பாத்திமேல் தாழ்வாக, றெக்கையை அடித்து அடித்து, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகிறது. அவ்வளவுதான். ஒரு மூச்சு விடுகிற நேரம்.

"இது ஒண்ணொண்ணும் தனித்தனி படம் அத்தை. றெக்க மேல ஒரு படம், நடுவுல ஒரு படம், கீழ ஒரு படம். வரைஞ்சி வரைஞ்சி ஓட்டறாங்க."

"ஒரு தரம் றெக்க அடிக்க எத்தினி படம்?" என்று கேட்டேன்.

மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எல்லாரும் கத இன்னான்னுதான் கேப்பாங்க. நீங்க இன்னா அத்தை, எத்தினின்னு கேக்கறீங்க?"

அந்தக் கேள்வி என்னுடையது இல்லை. அதை எங்கள் நைனா கேட்டார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கேட்டது என் அக்காவைப் பற்றி. அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று சுற்றி வந்தேன்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அக்கா வயசுக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. நைனாவுக்கு வீட்டிலேயே குழித்தறி. தறிக்குக் கீழே காலை விட்டு உட்கார ஒரு பள்ளம், மேலே புடவைக் கரையில் படம் விழ வைக்கிற ஜக்கார்டு பெட்டி. தரையைச் சாணி போட்டு மெழுகியிருப்பார்கள். அந்தச் சாணி வாசனையும், சாயம் போட்ட பட்டு நூலின் வாசனையும், பெட்டிக்கு விடுகிற எண்ணெய் வாசனையும் சேர்ந்ததுதான் எனக்கு வீடு. இன்றைக்கும் யாராவது தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

அக்காவின் கை சும்மா இருக்காது. சுவரில் நாள் கிழிக்கிற காலண்டர் ஒன்று தொங்கியது. அதன் ஒவ்வொரு தாளின் மூலையிலும் அடுப்புக் கரியால் ஒரு காக்காய் வரைந்து வைத்திருந்தாள். ஒரு தாளில் றெக்கை மேலே, அடுத்த தாளில் கொஞ்சம் கீழே. காலண்டரைக் கட்டைவிரலால் மடக்கி விட்டால் தாள்கள் சரசரவென்று விழும், காக்காய் பறக்கும். நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று அவள் பாவாடையைப் பிடித்து இழுப்பேன்.

ஆனால் நைனா காலையில் எழுந்ததும் முகம் கழுவிவிட்டு ஒரு தாளைக் கிழிப்பார். அதில் ராகுகாலம் பார்ப்பார். பிறகு அதில் வெற்றிலை மடித்து வைத்துக்கொள்வார். ஒவ்வொரு நாளும் காக்காய் ஒரு றெக்கை அடியை இழந்தது. ஐப்பசி வந்தபோது அது கொஞ்ச தூரம்தான் பறந்தது. நான் அழுதேன்.

"அழாதடி. கிழியாத இடத்துல ஒண்ணு பறக்க வெக்கறேன்" என்றாள் அக்கா.

அந்த ஐப்பசி மழையை எங்கள் தெருவில் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். தறிக்குழியில் ஊற்று எடுத்தது. கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொள்ளுவோம், மறுபடி ஊறும். ஈரத்தில் பட்டு நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அறுந்தது. ஈரக்குழியில் காலை விட்டே உட்கார்ந்திருந்ததில் நைனாவுக்குக் கால் வீங்கிவிட்டது. வைத்தியர் குழியில் இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். தை மாசக் கல்யாணங்களுக்கு முதலாளிக்குப் புடவை போக வேண்டும். முதலாளி என்றால் நூலும் சரிகையும் கொடுத்து, நெய்த புடவையை வாங்கிக்கொள்கிற வியாபாரி. மழை கொஞ்சம் விட்டதும் நைனாவின் இடத்தில் அக்கா உட்கார்ந்தாள்.

அந்தப் புடவைக் கரையில் கிளி. கத்தரிப்பூக் கலர் உடம்பு, கிளிப்பச்சைக் கரை, கரை நெடுக சரிகைக் கிளி. எல்லாக் கிளியும் றெக்கையை மடக்கிக்கொண்டு ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும்.

"மொத்த புடவைக்கும் அப்பிடியே உக்காந்துகினு இருக்குதே, இதுக்குக் காலு மரத்துப் போவாது?" என்றாள் அக்கா.

ஜக்கார்டு பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கிளி எங்கே விழ வேண்டும் என்பது அட்டையில் இருக்கிறது. நீள நீளமான அட்டைகள், அதில் ஓட்டைகள். அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்து மாலைபோல் பெட்டிமேல் தொங்கவிடுவார்கள். ஒரு மிதிக்கு ஒரு அட்டை திரும்பும். மாலை ஒரு சுற்று வந்தால் ஒரு கிளி முடியும். அடுத்த சுற்றுக்கு அடுத்த கிளி, அதே கிளி.

அக்கா மாலையை நீளமாக்கினாள். பரண்மேல் பழைய டிசைன் அட்டைகள் கிடந்தன. அவற்றின் ஓட்டைகளைச் சோற்றுப் பசை வைத்துக் காகிதம் ஒட்டி மூடினோம். பசை பிசைவது என் வேலை. பிறகு முனையை மழுக்கின ஆணியும் சுத்தியும் வைத்துப் புது ஓட்டை அடித்தாள். றெக்கை கொஞ்சம் விரிந்த கிளிக்கு ஒரு கட்டு அட்டை, இன்னும் விரிந்ததற்கு ஒரு கட்டு, முழுசாக விரிந்ததற்கு, மறுபடி மடங்குவதற்கு. நைனா உள் அறையில் காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தார். ஓட்டுமேல் மழை விழுகிற சத்தத்தில் சுத்தி சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. ஓட்டையிலிருந்து விழுந்த சின்ன வட்டங்களை நான் ஒரு டின்னில் சேர்த்து வைத்தேன். அதற்குக் காக்காய்ப் பொரி என்று பெயர் வைத்தோம். அந்த டின் எங்கே போனதென்று தெரியவில்லை.

மாலை நீண்டு தரையைத் தொட்டது. அம்மா பெருக்க வந்தவள் நின்று பார்த்தாள்.

"இன்னாடி இது, இம்மாம் நீளம் தொங்குது?"

"கிளி பெருசும்மா" என்றாள் அக்கா.

"கிளி பெருசுன்னா? கழுகா நெய்யறே?" என்று அம்மா மாலையை விளக்குமாற்றால் ஒதுக்கிவிட்டுப் பெருக்கிக்கொண்டு போனாள்.

நெய்த துணி நெசவுக்காரர் மடிக்கு எதிரே இருக்கிற மரத்தில் சுற்றிக்கொண்டே போகும். வெளியே தெரிவது ஒரு சாண் அளவுதான். அந்த ஒரு சாணில் ஒரு கிளி இருக்கும். நைனா நொண்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்ப்பார். ஒரு நாள் விரிந்த கிளி இருக்கும், ஒரு நாள் மடங்கின கிளி இருக்கும். முன்னால் நெய்தது மரத்துக்குள் சுருண்டு கிடப்பதால் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. "சரிக பளபளன்னு விழுவுது. கை உக்காந்துட்சு உனுக்கு" என்பார். அவர் போனதும் அக்கா என் காதில் சொல்வாள்.

"மரத்துலேர்ந்து புடவைய உருவறப்போ பாரு. சரசரன்னு உருவுவாரு இல்ல? அப்போ பறக்கும். நைனா கண்ணுக்கு எதுக்கவே பறக்கும்."

நான் பார்த்தால் அவளுக்குப் போதாது. நான் எதைப் பார்த்தாலும் வாயைப் பிளப்பேன். நைனா பார்க்க வேண்டும். தறியில் பிறந்து தறியில் வளர்ந்தவர், அவர் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த மழைக்காலம் முழுக்க அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். போளூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், சரி என்றார்கள். அதைப் பற்றிக்கூட அவள் என்னிடம் பேசவில்லை. மாப்பிள்ளை எப்படி என்று நான் கேட்டதற்கு, "உயரமா இருந்தாரு. நான் மேல பாக்கல" என்றாள்.

கார்த்திகை முடிகிற சமயம் புடவை முடிந்தது. தறியில் நீளவாட்டில் ஓடுகிற பாவு நூலை அறுத்து, மரத்திலிருந்து புடவையை உருவுகிற நாள் வீட்டில் கற்பூரம் காட்டுவோம். நைனா கால் வீக்கம் வடிந்து தறிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார். அக்கா மரத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் நைனா தோளை ஒட்டி நின்றேன்.

நைனா முந்தியைப் பிடித்து இழுத்தார். ஒரு கிளி வந்தது. அடுத்த கிளி வந்தது. அவர் கை நின்றது.

கட்டைவிரலால் முதல் கிளியைத் தடவினார். அடுத்ததைத் தடவினார். கொஞ்சம் இழுத்தார், நிறுத்தினார். கொஞ்சம் இழுத்தார், நிறுத்தினார். நெசவுக்காரர் கண் அப்படித்தான் பழகியிருக்கிறது. புடவையில் எங்கே தப்பு இருக்கிறதென்று நின்று நின்றுதான் தேடும். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் கிளி எப்படிப் பறக்கும்?

"நைனா, நிறுத்தாத இழுங்க. ஜல்தியா இழுங்க, பறக்கும்" என்றாள் அக்கா.

"பறக்குமா? இன்னாடி சொல்ற? அட்ட மாறிப்போயிருக்குதுடி!"

"மாறல நைனா. நான்தான் மாத்தினேன். நீங்க ஒரே ஒரு தரம்..."

"ஒண்ணு ஒக்காந்துகினு இருக்குது, ஒண்ணு எழுந்துகினு இருக்குது. கல்யாணத்துல கட்ற புடவையாடி இது, வேடிக்க காட்ற புடவையா?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தலையைப் பிடித்துக்கொண்டார். முதலாளி சாயங்காலம் வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் புடவையைப் பாயில் விரித்துப் பார்த்தார். விரித்துப் போட்டால் அது அசையவே அசையாது. "இன்னாய்யா இது, கிளிக்கு வலிப்பா?" என்று கேட்டுவிட்டுப் புடவையை எங்களிடமே தள்ளினார். பக்கத்துத் தறிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்கள்.

எல்லாருமாகச் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, நினைப்பு அங்கே போய்விட்டது, அதனால் அட்டையைக் கலைத்துவிட்டாள். "இனிமே தறியில உக்கார வெக்காதீங்க, ஜல்தி கட்டிக் குடுத்துடுங்க" என்று நைனாவின் தங்கை, எங்கள் அத்தை, சொன்னாள். அம்மாவும் ஆமாம் என்றாள். அக்கா மாப்பிள்ளையின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். பெரியவர்கள் பேசும் இடத்தில் நான் எப்போதுமே கதவுக்குப் பின்னால்தான்.

நைனா அந்த அட்டை மாலையை இறக்கி, கயிற்றை அறுத்து, வெந்நீர் அடுப்பண்டை போட்டுவிட்டார். மார்கழிக் குளிரில் எங்கள் வீட்டில் தினம் கிளி எரிந்தது. அட்டை எரிந்தால் ஒரு புளித்த வாசனை வரும். ஓட்டை வழியாகத் தீ புள்ளி புள்ளியாகத் தெரியும். அக்கா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளுவாள். அழவில்லை. "இது றெக்க", "இது வாலு" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே தள்ளுவாள்.

தை பிறந்ததும் கல்யாணம். முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டுப் புடவை. மறுநாள் போளூருக்குக் கிளம்பும்போது கட்டிக்கொள்ளப் பிறந்த வீட்டுப் புடவை வேண்டும். விற்காத அந்தக் கிளிப் புடவையை அம்மா எடுத்து வைத்தாள். வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொந்தப் பெண்ணுக்கு முதலாளி கழித்துப்போட்ட புடவையைக் கட்டி அனுப்புகிறோமே என்று அவளுக்கு. அத்தை, "கொசுவத்துல மறைஞ்சிடும், வுடு. யாரு குனிஞ்சி பாக்கப் போறாங்க?" என்றாள்.

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவளே கட்டிக்கொண்டாள். நேரம் ஆகிக்கொண்டே இருந்தது. அழுகிறாள் என்று வெளியே எல்லாரும் பேசிக்கொண்டார்கள். என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். கொசுவத்தை விரலால் அளந்து அளந்து மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மடிப்புக்கு ஒரு கிளி. ஒன்று மடங்கினது, அடுத்தது கொஞ்சம் விரிந்தது, அடுத்தது இன்னும் விரிந்தது. மடிப்பின் முகத்தில் கிளி நேராக வராவிட்டால் அவிழ்த்து மறுபடி மடித்தாள். அவள் முகத்தில் அழுகையே இல்லை. இடுப்பில் செருகிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நைனா எங்க நிப்பாரு?"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வராராம்."

"சரி" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் பனி இன்னும் விலகவில்லை. போளூர் பஸ் புகை விட்டுக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் போய் ஏறிவிட்டார்கள். அம்மா அக்காவைக் கட்டிக்கொண்டு விடவில்லை. நைனா கொஞ்சம் தள்ளி நின்றார். பெண்ணை அனுப்புகிற அப்பாக்கள் நிற்பார்களே, அதே மாதிரி. அழுகிற முகத்தை யாரும் பார்க்கக்கூடாதென்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி.

கண்டக்டர் விசில் ஊதினான். "ஜல்தி ஏறும்மா, ஜல்தி, ஜல்தி!"

அக்கா அம்மாவின் கையை விடுவித்துக்கொண்டு, நைனாவுக்கு முன்னால் குறுக்காக நடந்தாள். வேகமாக நடந்தாள். கால் முன்னால் வரவரக் கொசுவம் ஒவ்வொரு மடிப்பாக உதறி விழுந்தது. ஒரு மடிப்பு போய் அடுத்த மடிப்பு, அது போய் அடுத்தது. பச்சைக் கரையில் சரிகைக் கிளி றெக்கையைத் தூக்கியது, விரித்தது, இறக்கியது, மறுபடி தூக்கியது. நான் பார்த்தேன். ஈரத் தரைக்கு மேலே, நைனாவின் கண்ணுக்கு நேரே, ஒரே ஒரு கிளி பஸ் வரைக்கும் பறந்து போயிற்று. படியில் ஏறும்போது ஒரு தரம் பெரிதாக றெக்கையை அடித்தது. பிறகு பஸ்ஸுக்குள் போய்விட்டது.

நைனா தலையைத் தூக்கினார். பஸ் நகர்ந்துவிட்டது. அக்கா ஜன்னலில் எங்களைத் தேடினாள். நைனா கையைப் பாதி தூக்கினார்.

வீட்டுக்குத் திரும்பினோம். அம்மா முன்னால் அழுதுகொண்டே போனாள். எங்கள் தெரு முனை வந்ததும் நைனா நின்று என்னிடம் குனிந்தார். கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுவைத் தொட்டுத் தொட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"எத்தினி அட்ட போட்டா அவ?"

எனக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டினேன். அவர் எண்ணிக்கொண்டே வீட்டுக்குள் போனார். நேராக வெந்நீர் அடுப்பண்டை போய்க் குச்சியால் சாம்பலைக் கிளறிப் பார்த்தார். ஒன்றுகூட மிச்சமில்லை.

ஆடிக்கு அக்காவை அழைத்து வந்தார்கள். வாசலிலேயே என் காதைப் பிடித்து இழுத்தாள்.

"நைனா பாத்தாரா?"

"பாத்தாரு."

"இன்னா சொன்னாரு?"

"எத்தினி அட்டன்னு கேட்டாரு."

அக்கா சிரித்தாள் பாருங்கள். அப்படி அவள் சிரித்து நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. கையில் இருந்த பலகாரத் தூக்கு ஆடி, மூடி கழன்று விழுந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் காதில் ஒரு எண் சொன்னாள். நான் ஓடிப்போய் நைனாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். கை நின்றது. "அம்மாடி" என்றார். அவ்வளவுதான். அப்பாவும் பெண்ணும் அதைப் பற்றி நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தத் தடவை நைனா அவளைத் தறியில் உட்காரச் சொன்னார். ஒரு சாண் நெய்துவிட்டுப் போனாள்.

அக்கா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்தப் புடவை, பழைய சரிகை வாங்குகிறவர்கள் தெருவில் வந்தபோது போய்விட்டதாம். உருக்கினால் வெள்ளி வரும் என்று வாங்குவார்கள். அவள் பையனைக் குறை சொல்லி என்ன, அவனுக்கு அது மடித்து வைத்த துணி. மடித்து வைத்தால் அது பறக்காது.

அவள் இருந்திருந்தால் இந்தச் செல்போனை எடுத்துக்கொண்டு போளூர் பஸ் ஏறியிருப்பேன். எனக்குத் தனியாகப் பஸ் ஏறப் பயம், ஆனாலும் ஏறியிருப்பேன். உப்புத் தீவுக் கொக்கை அவள் கண்ணுக்கு எதிரே ஓடவிட்டு, அவள் முகத்தைப் பார்த்திருப்பேன். ஜப்பானில் ஒரு ஊர் ஆட்களே உட்கார்ந்து இதைச் செய்கிறார்களாம் அக்கா, நீ ஆணியும் சுத்தியும் வைத்துச் செய்ததை, என்று சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனோ என்னவோ. அவளிடம் மட்டும் எனக்கு வாய் வரும்.

நீங்கள் பார்த்தால் பெரிய டி.வி.யில் போடாதீர்கள். சின்னச் செல்போனில் பாருங்கள். ஒரு மடிப்பு அகலம்தான் இருக்கும், அது போதும். ரயில் நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில் ஆரம்பியுங்கள். பிறகு கயிறு இழுக்கிற பெண்கள். உப்புத் தீவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வார்த்தை புரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். பார்த்துவிட்டுக் கோயிலில் என்னிடம் வந்து சொல்லுங்கள். நான் தூணோரம்தான் இருப்பேன்.

அக்கா காதில் சொன்ன அந்த எண் எனக்கு மறந்துவிட்டது. நைனாவிடம் ஓடிச் சொல்லிவிட்டதோடு அது என்னைவிட்டுப் போய்விட்டது. இப்போது கேட்க இரண்டு பேருமே இல்லை. அதனால் கொக்கு வரும்போதெல்லாம் அதிலாவது எத்தனை என்று எண்ணப் பார்க்கிறேன். எண்ண ஆரம்பிப்பதற்குள் அது அந்தப் பக்கம் போய்விடுகிறது. "நிறுத்தி நிறுத்தி எண்ணலாமே அத்தை, நான் நிறுத்தித் தரவா?" என்கிறாள் மருமகள்.

வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.